அம்மாவின் எடைக்கு ஒரு வண்டி

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு அப்பா என்னை வாசலிலிருந்து கூப்பிட்டு, வண்டியில் மெத்தையை விரிக்கச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டரை மணி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அது வலியைப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் என் நினைவில் நின்றுவிட்டது.

மார்பில் தொடங்கிய புற்றுநோய் அம்மாவின் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. குணப்படுத்தும் கட்டம் கடந்துவிட்டதை மருத்துவர் மறைக்கவில்லை. ஆனால் ஐந்து முறை கதிர்வீச்சுக் கொடுத்தால் எலும்பு வலி குறையும், இருக்கும் நாட்களில் அவளால் தூங்க முடியும் என்றார். வெள்ளிக்கிழமை முதல் முறை முடிந்தது. மற்ற நான்கும் திங்கள் முதல். இடையில் நிறுத்தினால் கொடுத்ததும் வீண் என்று எச்சரித்திருந்தார்.

மருத்துவமனை ஊருக்கு வெளியே இருந்தது. அம்மாவால் உட்கார முடியாது என்பதால் காரும் ஆட்டோவும் பயன்படவில்லை. எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான் என்று அதில் ஏற அவள் மறுத்துவிட்டாள். ஆகவே அப்பா வாடகைக்கு ஓட்டும் எங்கள் பழைய பிக்கப்பிலேயே மெத்தை போட்டுப் படுக்க வைத்து அழைத்துப்போனோம். வழி நெடுக அவள் வாயைத் திறக்கவில்லை. வீடு திரும்பிக் கட்டிலில் கிடத்திய பிறகு, கண்ணைத் திறக்காமல் எங்கள் எல்லோருக்குமாகச் சொன்னாள்:

"திங்கக்கெழம நான் வரல. வலியோடவே கெடந்துக்கறேன். அந்த வண்டில மட்டும் என்ன ஏத்தாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகாமல், அப்பா வண்டிக்கு அடியில் படுத்துப் பின் அச்சையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது என்னைவிட மூத்தது. உருண்டை விளக்குகள், தடித்த தகட்டில் அடித்த மூக்கு, பின்புறம் மரப்பலகைத் தொட்டி. சென்னையிலிருந்து பழைய வண்டி சேகரிப்பவர்கள் இரண்டு முறை வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். தறிக் கட்டைகள், தறிக்கு மேலே பொருத்தும் ஜக்கார்டு பெட்டிகள், பந்தல் கம்பம், கருங்கல் என்று எதையும் அது சுமந்தது. கல் பாரத்துக்காகவே அப்பா பல வருஷங்களுக்கு முன்பு பின்சக்கரங்களின் மேலே இரண்டிரண்டு கமான் பட்டைகளைக் கூடுதலாக ஏற்றியிருந்தார். வில்போல வளைந்த எஃகுப் பட்டைகளை நீளமானது மேலேயும் குட்டையானது கீழேயுமாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டியிருக்கும் கட்டுதான் கமான். பட்டை கூடக்கூட வண்டி அதிக பாரம் தாங்கும். ஆனால் பாரம் இல்லாமல் போகும்போது அது வளைந்து கொடுக்காது. சாலையின் ஒவ்வொரு குழியையும் அப்படியே மேலே அனுப்பிவிடும். வெள்ளிக்கிழமை அம்மாவின் முதுகெலும்புக்குள் போனது அதுதான்.

வாலாஜாபாத் சாலையில், அரிசி அரவை மில்லுக்குப் பக்கத்தில், கமான் பட்டறை வைத்திருப்பவர் அப்பாவின் சிறுவயதுத் தோழர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் அழைப்பார்கள். எனவே அம்மா அவருக்குத் தங்கச்சி. விடுமுறை நாளானாலும் அவர் பட்டறையைத் திறந்து வைத்திருந்தார். அம்மாவைத் தென்னேரியிலிருந்து வந்திருந்த சித்தியிடம் விட்டுவிட்டு, நான் அப்பாவோடு போனேன். ஏன் என்னையும் வரச் சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

"கருங்கல்லு மலையே ஏத்தினாலும் குனியாத வண்டின்னு ஊரெல்லாம் பீத்திக்கினு இருந்த. இப்ப நீயே வந்து குனிய வெக்கணும்ன்றியா மச்சான்?"

"பேசாம ஜாக்கியப் போடு."

"போடறேன், போடறேன். ஞாயித்துக்கெழம கறிச்சோறு துன்னுட்டுப் படுத்தவன எழுப்பிக்கினு வந்துட்டு, அதிகாரம் வேற."

ஆனால் வண்டிக்கு அடியில் போனதும் அவர் கேலியை நிறுத்திவிட்டார். துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார்கள். காத்திருக்கும்போது அவர் கேட்டார்:

"தங்கச்சி எவ்ளோ வெயிட்டு இருக்கும்?"

"எழுவத்தஞ்சு," என்றார் அப்பா உடனே.

நான் சொன்னேன். "நாப்பத்திமூணுப்பா. வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரில ஸ்ட்ரெச்சரோட வெச்சி, ஸ்ட்ரெச்சர் வெயிட்ட கழிச்சிப் பாத்தாங்க."

"அந்த மெஷினு கோளாறு. அவ வெயிட்டு எனக்குத் தெரியாதா?"

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார். "சரி மச்சான்," என்றார்.

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஏப்ரல் மாதத்திலிருந்து அம்மா யாரையும் தன்னைப் பார்க்க விட்டதில்லை. ஜூன் வெயிலிலும் கழுத்துவரை போர்வை மூடியிருக்கும். குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் நானும் சித்தியும். அப்பா உள்ளே வரும் காலடி கேட்டாலே போர்வையைச் சரிசெய்யச் சொல்லுவாள். தெருப் பெண்கள் கஞ்சியோடும் இளநீரோடும் வந்து, கதவுக்கு வெளியே நின்று, கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். வெள்ளிக்கிழமைகூட நாங்கள் அவளை மெத்தையோடு சேர்த்தே தூக்கினோம். அவளைத் தொட்டால் வலிக்குமோ என்ற பயத்தில் அப்பா மெத்தையின் ஓரத்தை மட்டும்தான் பிடித்திருந்தார். எழுபத்தைந்து கிலோவில், தறிக்குப் பட்டுநூல் தார் சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லும் ஒரு பெண் அவருக்குள் அப்படியே இருந்தாள்.

மில்லில் கேட்டு எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டை ஒன்றை அவரே முதுகில் தூக்கி வந்தார். வழக்கமாக அவர் மூட்டையைத் தொட்டிக்குள் எறிகிற விதம் எனக்குத் தெரியும். அன்று அதைப் பக்கவாட்டில் சாய்த்து, மெத்தையின் மேல் மெல்ல இறக்கினார்.

"நீயும் பக்கத்துல படுத்துக்கோ பாப்பா," என்றார். "எங்க இடிக்குது, எப்படி இடிக்குதுன்னு எனக்கு நீதான் சொல்லணும். அவ சொல்ல மாட்டா."

முதலில் ஒரு பட்டையையும் எடுக்காமல் ஒரு சுற்று ஓட்டினார்கள், பிறகு ஒப்பிடுவதற்காக. நான் நெல் மூட்டைக்கு அருகில் மல்லாந்து படுத்திருந்தேன். கீழிருந்து பார்க்கும்போது எங்கள் ஊர் மின்கம்பிகளும் மாடித் துணிகளும் மட்டும்தான். குழி எங்கே வரும் என்பது ஓட்டுபவருக்குத் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது. அதனால் உடம்பு எல்லா நேரமும் இறுகியே கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அவளுக்கு என்ன நடந்தது என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

வண்டி நின்றதும் அப்பா தொட்டியின் பலகையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு," என்றார்.

வலியைப் பற்றிக் கல்லூரி வகுப்பில் நான் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அந்தச் சொற்களில் ஒன்றும் அப்போது உதவவில்லை. உடம்பில் நடந்ததை நடந்தபடியே பிரித்துச் சொன்னேன். சக்கரம் குழியில் இறங்கும்போது இடுப்புக்கு மேலே, நடுமுதுகில் ஓர் அடி விழுகிறது. பிறகு உடம்பு மெத்தையைவிட்டு எழும்பி, திரும்ப விழுகிறது. விழுவது முதல் அடியைவிட மோசமானது. பக்கவாட்டில் ஆட்டம் இல்லை.

"அடிக்கறது பட்டை," என்றார் பட்டறைக்காரர். "தூக்கிப் போடறது ஷாக் அப்சார்பரு. அது செத்துப் பல வருசம் ஆயிருக்கும். மூட்டைங்களுக்கு இன்னா தெரியும், அதுங்க சொல்லல."

கூடுதலாக ஏற்றியிருந்த பட்டைகளை இரு பக்கமும் கழற்றினார்கள். பட்டைகளுக்கு நடுவில் துரு செதில்செதிலாக உதிர்ந்தது. மீதியைத் தேய்த்து, கிரீஸ் தடவி, மறுபடி அடுக்கினார்கள். ஷாக் அப்சார்பர்களுக்குப் பதிலாக, வேறு வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த இரண்டைப் பொருத்தினார்கள். மறுபடி நான் படுத்தேன், மறுபடி ஓட்டினார்கள், மறுபடி நான் சொன்னேன். எழும்பி விழுவது நின்றிருந்தது. அடி குறைந்திருந்தது, போகவில்லை. இன்னும் ஒரு பட்டையை எடுத்தார்கள். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு லேசாக மேலே பார்த்தது. சென்னைக்காரர்கள் படம் எடுத்த அழகு அதில் போய்விட்டது. அப்பா ஒருமுறை தள்ளி நின்று பார்த்தார்.

அந்தச் சுற்றில் நடுமுதுகில் அடி விழவில்லை. வண்டி அமுங்கி எழுந்தது, அவ்வளவுதான்.

"இன்னொண்ணு எடுத்துடு," என்றார் அப்பா.

"மாட்டேன். இதுக்கு மேல எடுத்தா மெயின் பட்டை வழியில முறியும். தங்கச்சிய ரோட்டுல வெச்சிக்கினு நிப்பியா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மச்சான், மூட்டை இருக்குது, உம்பொண்ணு இருக்குது, அதனால அடங்குது. பாரம் கொறைஞ்சா மறுபடி இடிக்கும். பாப்பா சொன்னத ஒரு தடவ..."

"எழுவத்தஞ்சுன்னு சொன்னேன் இல்ல?"

அவர் ஸ்பேனர்களைப் பெட்டிக்குள் எடுத்துப் போட்டார். நான் பேசியிருக்கலாம். ஆனால் அப்பாவின் முகம் அன்று பல நாட்களுக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்திருந்தது.

நாங்கள் வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அப்பா கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, அம்மாவின் கட்டிலருகே வந்து நின்றார். பரிசு கொண்டு வந்தவரைப் போல இருந்தது அவர் நிற்பது.

"வண்டிய மாத்திட்டேன். உம்பொண்ண படுக்க வெச்சி ஓட்டிப் பாத்தாச்சி. கேட்டுப் பாரு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"நாளைக்கு மெத்தையோட தூக்க வாணாம். அதுல குலுங்குது. நானே தூக்கினு போயி படுக்க வெக்கறேன். இப்ப ஒரு தடவ தூக்கிப் பாக்கறேன், எங்க புடிச்சா வலிக்காதுன்னு."

"வாணாம்," என்றாள் அம்மா.

"ஒரே தடவ."

"வாணாம்னு சொல்றேன் இல்ல?"

அவர் குனிந்து ஒரு கையை அவள் முதுகுக்குக் கீழேயும் மற்றதை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்துவிட்டார். கால்களை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, எழுபத்தைந்து கிலோவுக்குத் தயாராகித் தூக்கினார். நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கியவரைப் போல அவர் கைகள் தேவைக்குமேல் எழும்பின. ஓரடி பின்னால் தடுமாறி, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். போர்வை நழுவித் தரையில் விழுந்தது. நைட்டிக்குள் இருந்த தோள்பட்டையையும், அவர் கைக்கு இந்தப் பக்கம் தொங்கிய காலையும் அவர் பார்த்தார்.

"இன்னாடி இது," என்றார்.

அம்மா முகத்தை அவர் சட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"எறக்குங்க," என்றாள். திருமணமான நாளிலிருந்து அவள் அவரை நீ என்றே அழைத்தவள். அவரிடம் அவள் மரியாதை போட்டுப் பேசியதை அந்த ஒரு முறைதான் கேட்டேன்.

அவர் இறக்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டே சுவரோரம் நின்றிருந்தார். சித்தி அடுப்பங்கரை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கட்டிலில் கிடத்தி, போர்வையை எடுத்து உதறி, கழுத்துவரை தானே மூடிவிட்டு, வெளியே போனார்.

வண்டித் தொட்டியிலிருந்து மூட்டையை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பியது. தெருமுனையில், கோடைத் திருவிழாப் பந்தலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குழிகள் உண்டு. காலித் தொட்டியின் பலகைகள் அவற்றின் மேல் அதிர்ந்து அடித்துக்கொண்டதை வீட்டுக்குள்ளிருந்தே கேட்டோம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மண்ணு மூட்டை நாலஞ்சு போட்டுக்கலாம்," என்றார். "ரெண்டு பக்கமும் வெச்சி கயிறு போட்டுக் கட்டிடறேன். பாரம் இருந்தா அடங்கிடும்."

"மூட்டைங்க நடுவுல என்னையும் ஒரு மூட்டையாட்டம் போட்டுக்கினு போவியா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினார். நாளை மருத்துவமனைக்குப் போவதில்லை என்பது முடிவாகிவிட்டதாகவே நான் நினைத்தேன்.

"பாரந்தான வேணும்?" என்றாள் அம்மா. "ஆளுங்கள ஏத்து."

"யார?"

"தெருவுல இருக்கறவளுங்கள. கூப்ட்டா வரமாட்டேன்னா சொல்லுவாளுங்க?"

"நீதான யாரும் பாக்கக் கூடாதுன்ன."

"நீ பாக்கக் கூடாதுன்னுதான்யா. எவளாவது பாத்துட்டுப் போயி உன்கிட்ட சொல்லிடுவான்னுதான் எல்லாருக்கும் கதவ சாத்தினேன். இப்ப நீயே தூக்கிப் பாத்துட்ட. இனிமே எவ பாத்தா எனக்கின்னா?"

அப்பா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நல்லா கனமானவளுங்களா பாத்துக் கூப்டு," என்றாள்.

அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அவள் இறந்துபோனாள். கதிர்வீச்சு அவளுக்கு ஏறக்குறைய இரண்டு மாதத் தூக்கத்தைக் கொடுத்தது. அதற்காகத்தான் அப்பா அன்று பாடுபட்டார், அதற்குமேல் அவரும் எதையும் கேட்கவில்லை. அப்பாவை நினைக்கும்போதெல்லாம், மூட்டையை மெத்தையின் மேல் மெல்ல இறக்கிய அவரது கைகள்தான் எனக்கு முதலில் தெரிகின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் நான் கதவுகளைத் தட்டினேன். தெருவில் நான் அதிகம் பேசியவள் அல்ல. தலையைக் குனிந்து போய், குனிந்தே திரும்புகிறவள் என்று பெயர். எதிர்வீட்டில் மீன் விற்கிற அத்தை குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அம்மா உங்கள வரச் சொன்னாங்க," என்றேன்.

"யாரு, மகாராணியா? ரெண்டு மாசமா தெருக்கதவுகிட்ட நிக்க வெச்சி அனுப்பினாங்களே, அவங்களா?"

"ஆஸ்பத்திரிக்கு, அத்த. வண்டில பாரம் இல்லன்னா இடிக்குது. அம்மாவால தாங்க முடியல. கூட ஏறி வரணும்."

அவர் குடத்தைக் குழாயடியிலேயே வைத்துவிட்டார். தண்ணீர் வழிந்து ஓடியது.

"பாரத்துக்கா?"

"ஆமா."

"அடிப் பாவி, இத மொதல்லயே சொல்லக் கூடாது? இந்த ஒடம்ப வெச்சிக்கினு இத்தினி வருசம் இன்னா பிரயோஜனம்னு எங்க வூட்டுக்காரு கேட்டுக்கினே இருக்காரு." பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், வாங்கடி! கனமா இருக்கறவ எல்லாம் வாங்க. ஒல்லிக்குச்சிங்க வீட்டுலயே கெடங்க!"

ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தி தலையை வாராமலேயே வந்தாள். இரண்டு பக்கப் பலகைகளிலும் முதுகைச் சாய்த்து, மும்மூன்று பேராகக் காலை மடக்கி உட்கார்ந்தார்கள். யார் எந்தப் பக்கம் கனம் என்று ஒரே சிரிப்பு. வண்டியின் பின்பக்கம் அமுங்கித் தாழ்ந்தது. அப்போது அப்பா அம்மாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. மீன்கார அத்தை எதையோ சொல்லத் திறந்த வாயை மூடவில்லை. அப்பா அம்மாவை மெத்தையில் கிடத்தியபோது, தலை வாராமல் வந்தவள் தேம்பி அழத் தொடங்கினாள்.

"அழறவ எறங்கிடு," என்றாள் அம்மா. "அழுதா வெயிட்டு கொறஞ்சிடும்."

யாரும் இறங்கவில்லை. நான் கடைசியாக ஏறி, தொட்டியின் கொக்கியை மாட்டிவிட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கிழக்கிலிருந்து வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்ததால், துப்பட்டாவை அவிழ்த்து இரண்டு கைகளாலும் குறுக்கே பிடித்துக்கொண்டேன். அம்மா, யாருடைய மகளுக்கு வரன் அமைந்தது, யார் வீட்டுத் தறியில் புதிதாகப் பாவு ஏறியிருக்கிறது என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பந்தல் குழிகள் வந்தன. வண்டி அமுங்கி, எழுந்து, தாண்டியது. அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி நடுவில் அறுபடவில்லை. நான் துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.